றொசல்ல வெண்கலச் சிறுத்தை

ஹட்டன் கடைத்தெருவில் ஜமால்தீன் தன் இரும்புக்கடையைத் திறந்த சற்று நேரத்தில், நனைந்த குடையோடு பிரேமினி உள்ளே வந்தாள். ஆணியும் தகரமும் விற்பவர்தான் என்றாலும், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அவருக்கு ஊரில் பெயர் இருந்தது.

"ஜமால்தீன் நானா, என் சிறுத்தையக் காணோம்."

கல்லிலும் வெண்கலத்திலும் காட்டு விலங்குகளைச் செய்யும் சிற்பி அவள். றொசல்லவில் தேயிலை மலைக்குக் கீழே அவளுடைய பட்டறை. கண்டிக்குப் போய்த் திரும்பியபோது, மழையில் மண்மேடு சரிந்து பட்டறையின் தகரப் பின்சுவர் விழுந்திருந்தது. கருங்கல்லில் செய்த மரைமான் நொறுங்கிக் கிடந்தது. மண்ணை முழுக்க அள்ளியும் வெண்கலச் சிறுத்தை அகப்படவில்லை. முன்கதவுப் பூட்டு அப்படியே இருந்தது.

"இன்னொரு சாவி லோஜன்கிட்ட. என்கூட உலை வேலை பாக்குறவன். 'நீதான் எடுத்தியா'ன்னு கேட்டுட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்." அவள் குரல் தாழ்ந்தது. "மிருக வைத்தியசாலைக்குச் செஞ்சது நானா. பதுங்கி நிக்கிற தாய், வயித்துக்கு அடியில ஒரு குட்டி. உயர மேடையில வச்சாத்தான் குட்டி தெரியும். தரையில இருந்தாத் தெரியாது. அது எனக்கும் லோஜனுக்கும் மட்டுந்தான் தெரியும்."

"அப்ப லோஜன்தான் வாப்பா," என்றாள் ஜமால்தீனின் மகள் பஸ்மிலா.

"போய்ப் பாக்காம எப்பிடி மகள் சொல்ற?"

மூவரும் பட்டறைக்குப் போனார்கள். பஸ்மிலா சேற்றில் காலடி தேடினாள். ஜமால்தீன் தகரங்களைப் பார்த்தார். எல்லாம் கசங்கிச் சுருண்டிருந்தன. ஒன்று மட்டும் கொய்யா மரத்தில் நேராகச் சாய்ந்து நின்றது. அதன் ஆணித் துளைகளை அவர் விரலால் தடவினார்.

மேலேயிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து அழகுமுத்துவும் அவர் மனைவி வீரம்மாவும் இறங்கி வந்தார்கள். பிரேமினியின் கண்கள் கலங்கியிருப்பதை அழகுமுத்து கண்டார்.

"அழாதீங்க பிள்ள. தாயும் குட்டியும் பத்திரமா வந்து சேரும்."

ஜமால்தீன் மெல்லத் திரும்பினார்.

"மத்தத் தகரமெல்லாம் ஆணியோட கிழிஞ்சிருக்கு. இதுல துளை வட்டமா இருக்கு. மேடு சரியிறதுக்கு முந்தியே யாரோ பக்குவமாக் கழட்டியிருக்காங்க. சாவி வச்சிருக்கிற லோஜன் எதுக்குத் தகரத்தக் கழட்டணும்? கள்ளன்னா கழட்டினத மரத்துல சாத்தி வச்சிட்டா போவான்? அழகுமுத்தண்ணே, குட்டி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது? தூக்கினவங்களுக்குத்தானே அது தெரியும்."

அழகுமுத்து தலைகுனிந்தார். வீரம்மாதான் பேசினாள்.

"மேட்டுல வெடிப்பு விட்டிருந்துச்சு முதலாளி. பிள்ளைக்குப் போன் போகல. கதவும் பூட்டியிருந்துச்சு. பின்னால தகரத்தக் கழட்டி, ரெண்டு பேரும் எங்க லயத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். மரைய அசைக்க முடியல. ஏத்தத்துல இவரு வழுக்கி விழுந்து, வாலு ஒடஞ்சிருச்சு. ஒட்ட ஆள் தேடிக்கிட்டு இருந்தாரு. ஒடஞ்சதக் கையில குடுக்க வெக்கப்பட்டுத்தான் வாயத் தொறக்கல."

"மேடு உங்க மேல சரிஞ்சிருந்தா?" என்றாள் பிரேமினி.

"கொழுந்து எடுக்கையில ஒரு நா நெசச் சிறுத்தப் புலியே என் முன்னால நின்னுச்சு, வாயில குட்டியோட. என்னப் பாத்துச்சு. ஒண்ணும் பண்ணாம எறங்கிப் போயிருச்சு. அது வுட்ட உசுருதான் என்னோடது. இந்தச் சிறுத்தைய மண்ணுக்குள்ள போக வுட மனசு வரல."

பிரேமினி அருகே வந்தாள். வீரம்மாவின் இரண்டு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பஸ்மிலா, "லோஜனப் பத்தி நான் அவசரப்பட்டுட்டேன் வாப்பா," என்றாள்.

"அவசரப்பட்டவங்க இங்க ரெண்டு பேரு," என்றார் ஜமால்தீன், பிரேமினியைப் பார்த்து.

லயத்தில் சிறுத்தையைப் பார்த்துவிட்டு அவள் நேரே லோஜன் வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "உன்னக் கேட்டிருக்கவே கூடாது. மன்னிச்சிரு," என்றாள்.

லோஜன் வாசலுக்கு வந்து மழையைப் பார்த்தான்.

"வால் நுனியில ஒடஞ்சிருக்கா, அடியிலயா அக்கா?"

"அடியில."

அவன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான்.

"நடங்க. ஒட்டிரலாம்."