கரும்பாறை உப்பு

தூவி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வாசல் சரிவில் உப்பைக் காணோம். கரைந்திருந்தால் உறைபனி சொதசொதவென்று இளகியிருக்க வேண்டும். இதுவோ கண்ணாடி மாதிரி வழவழவென்று கிடந்தது; அதன்மேல் இரண்டு கை அகலத்துக்கு நீளநீளமான ஈரத் தடங்கள், கீழே சாலையிலிருந்து வீட்டை நோக்கி ஏறி வந்திருந்தன. மான்தான் நக்கியிருக்கும் என்று லுத்மிலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை.

மணி நாலரைதான். பெஸ்கிட் மலையில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். புருஷன் யாரெக் ஆறு மணிக்கு மரமறுக்கும் ஆலையிலிருந்து வண்டியில் வருவான். போன வருடம் இதே சரிவில் சறுக்கி ஓடையில் விழுந்து விலாவை முறித்துக்கொண்டவன். பனியை இளக்கத் தூவும் உப்பு மூட்டை கடையில் தீர்ந்திருந்தது, அடுப்புச் சாம்பல் போதவில்லை. அதனால் மதியம் காட்டுக்குப் போய், கரும்பாறைக்குப் பக்கத்தில் விலங்குகள் நக்குவதற்கென்று மரத்தொட்டியில் வைத்திருந்த உப்புக்கட்டியைச் சுத்தியலால் உடைத்து, ஒரு பொட்டு விடாமல் வாளியில் அள்ளி வந்தாள். திருட்டுதான், யார் இல்லையென்றது? கூட வந்த ஐந்து வயது மகள் தோஷா, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று வழியெல்லாம் நச்சரித்ததால் முதுகில் ஒன்று வைத்தாள். அழுது அழுது குழந்தை உள்ளறையில் தூங்கிப்போயிருந்தது.

அந்தத் தடங்கள் உறுத்தவே, வனக்காவலர் வித்தோல்டுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டாள். உப்புத் திருடி என்று ஊருக்கே சொல்லப்போவதாக முதலில் சிரித்தார். எந்தத் தொட்டி என்று கேட்டார். சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அது மானுக்கு வச்சது இல்லம்மா. மான் அந்தப் பக்கமே போகாது. அந்தத் தொட்டிய மட்டும் காலியா விட்டுடாதேன்னு எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனார். ஏன்னு நானும் கேட்டுக்கல.” மூச்சு வாங்கினார். “வீட்ல ஒட்டியிருக்கிற உப்ப எல்லாம் கழுவிடு. நான் தொட்டிக்குப் புது உப்புக்கட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்.”

கதவைப் பூட்டினாள். வாளி, கையுறை, செருப்பு, சுத்தியல், வாசற்படியின் உள்பக்கம் என்று வெந்நீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். விரல் வெடிப்புகளில் உப்புத் தண்ணீர் சுரீரென்று எரிந்தது, ஈரக் கம்பளி வாடையோடு இன்னொரு வாடையும் கதவிடுக்கு வழியே வந்தது, நாள்பட்ட ரத்தமும் பாசியும் கலந்த வாடை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி. வெளிப்படியில்.

சரக். சரக்.

பிறகு கதவின் அடிப்பலகையில். பிறகு கைப்பிடியில். மதியம் உப்புக் கையோடு அவள் பிடித்துத் திறந்த கைப்பிடி.

நின்றது.

பனியில் ஏதோ கனமாக இழுபட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாடா, போய்விட்டது. இனி வீட்டில் எங்கும் உப்பில்லை. துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

உள்ளறையிலிருந்து தூக்கம் கலையாத குரல் வந்தது.

“அம்மா, போதும்மா. கன்னம் எரியுது.”

ஓடினாள். ஜன்னல் திறந்திருந்தது. அலமாரியைவிட உயரமான ஒன்று, இரண்டாக மடங்கி, கட்டில்மேல் குனிந்திருந்தது. கண்ணை மூடியபடியே தோஷா முகத்தைச் சுளித்தாள். அழுத கோடுகள் ஒரு கன்னத்தில் இல்லை. அங்கே தோலும் இல்லை, சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. மறு கன்னத்தில் கோடு இன்னும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

கத்த வாயெடுத்தாள். வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

அது தலையைத் தூக்கியது. முகர்ந்தது.

லுத்மிலாவுக்கு விளங்கிவிட்டது. துடைக்கத் தூக்கிய கையைக் கீழே போட்டாள். நன்றாக அழுதாள். அழுதபடியே, கட்டிலிலிருந்து விலகி, பின்னால் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

அதுவும் கட்டிலை விட்டு நிமிர்ந்தது. இரண்டு கை அகலத்துக்கு, மெதுவாக, நாக்கு இறங்கியது.