நலிவெண் பதினொன்று

காலை எட்டு மணிப் படகுக்கு வரிசை நீண்டிருந்தது. காவலர் ஜெனோவா காப்புக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகுத்துறை வாசலில் நின்றாள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஓர் எண் மிதந்து வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினைந்து, இருபது. புதுமாப்பிள்ளை ஒருவனுக்கு நாற்பத்தாறு.

“மாமியார் வீட்டுக்குப் போறான் போல,” என்று ஏட்டு செபஸ்தியான் சிரித்தார்.

நாடி, மூச்சு, வியர்வையை அளந்து, ஒருவர் மனம் எவ்வளவு நலிந்திருக்கிறது என்ற நலிவெண்ணைக் கண்ணாடியே சொல்லிவிடும். எழுபதைத் தாண்டியவர் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று உடனே காப்பகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தாண்டாதவர் மேல் கை வைக்கக் கூடாது. பாதுகாப்பு என்ற பேரில் காவலர்கள் கண்டவரையெல்லாம் பிடித்து அடைத்த காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. மீறிய காவலருக்கு ஒரு நிமிட அவகாசம். அதற்குள் கையை எடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

வெளிர்நீலச் சேலை கட்டிய ஒரு பெண் ஜெனோவாவிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பை இல்லை. எண் பதினொன்று.

“தீவுக்கு இதுதானே படகு?”

“ஆமாக்கா. திரும்பி வர மத்தியானம்தான் படகு இருக்கு.”

“அது பரவாயில்ல.” அவள் புன்னகைத்தாள். “அப்ப நான் போறேன், தங்கச்சி.”

மீதிச் சொல்லுக்காக ஜெனோவா காத்திருந்தாள். பால் வாங்கப் போகிறவர்கள்கூட இந்த ஊரில் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். வெறுமனே ‘போறேன்’ என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. அதற்குள் அந்தப் பெண் படகுப் பலகையில் கால் வைத்துவிட்டாள். ஜெனோவா ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கண்ணாடி சிவந்து நொடிகளை எண்ணத் தொடங்கியது.

“ஏ புள்ள, கைய எடு!” செபஸ்தியான் பதறி ஓடிவந்தார். “பதினொண்ணு! நம்ம ரெண்டு பேரையும்விட நிம்மதியா இருக்கா.”

“அதான் ஏட்டய்யா பயமா இருக்கு. முடிவு பண்ணிட்டவங்களுக்கு எதுக்குப் படபடப்பு வரும்?”

“மெஷின் சொல்லலையே!”

“அதுக்குத் தமிழ் தெரியாது.” ஜெனோவா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “அக்கா, வீட்ல யார்கிட்ட சொல்லிட்டு வந்தீங்க?”

“சொல்றதுக்கு…”

பதினொன்று இருபத்தெட்டானது. நாற்பது. ஐம்பத்துமூன்று. ஏறட்டும் ஆண்டவரே, ஏறட்டும் என்று ஜெனோவா வேண்டிக்கொண்டாள். எண் அறுபத்தாறில் நின்றது. நொடிகள் தீர்ந்தன. கண்ணாடி இருண்டது.

ஜெனோவா அதைக் கழற்றி எறிந்தாள். எண் இல்லாத அந்த முகத்தில் உதடு துடிப்பது தெரிந்தது. படகு சங்கு ஊதிவிட்டுக் கிளம்பியது.

“இன்னும் ஏன் பிடிச்சுட்டு நிக்கிற?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இப்ப எனக்கு வேற வேலை இல்லக்கா.”

சொன்னதும் ஜெனோவாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஜெனோவாவின் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டு சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள்.