கலங்காத உருவம்

படத்தில் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகச் சுத்தமாக விழுந்திருந்தன. எதிரே மூடிக்கிடக்கும் பழைய இரும்பு ஆலையின் கூரை மட்டும் இழுத்துவிட்டாற்போல் கலங்கியிருந்தது. அது சரிதான். கேமராவைத் தாங்கும் மவுண்ட் வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்புவதால், தரையில் நிற்பதெல்லாம் கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கூரைமேல் ஒரு பெண் நின்றிருந்தாள், முந்தானை மடிப்புகூடத் தெரியும் அளவுக்குத் தெளிவாக.

தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தான். கூரையில் யாருமில்லை. காலை ஷிப்டு முழுக்க உலை முன்னால் வெந்த உடம்பு, கால்கள் கெஞ்சின. கும்மிடிப்பூண்டியில் கரண்டு போனால்தான் வானம் கண்ணில் படும் என்று தூக்கத்தை விட்டு மொட்டை மாடி ஏறியிருந்தான். புழுக்கம் தாங்காமல் ஈஸ்வரியும் மூன்று வயது மகளும் அங்கேயே பாயில் படுத்திருந்தார்கள்.

"இன்னாங்க, இன்னும் முடியலையா?" என்றாள் ஈஸ்வரி தூக்கக் கலக்கத்தில்.

"மவுண்ட சரியா வெக்கல போல. அவசரத்துல வெச்சா இப்டித்தான் பேஜாரு பண்ணும். நீ பாப்பாவ பாத்துக்கினு தூங்கு."

அலுப்போடு அலுப்பாக எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான்: முக்காலியின் கால்களை மட்டம் பார்த்து, அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி, எடையை நகர்த்திச் சமன் செய்து, ஒவ்வொரு திருகாக முறுக்கினான். எங்கிருந்தோ ஈரத் துருவின் நாற்றம் வந்தது. மோட்டார் கொசுவைப்போல ரீங்கரித்தது. இவ்வளவு கவனமாக அவன் ஒருநாளும் வைத்ததில்லை.

அடுத்த படத்தில் நட்சத்திரங்களெல்லாம் கோடுகளாக இழுபட்டிருந்தன. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கலங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் அவள். அவள் மட்டும் தெளிவாக.

மவுண்ட் வானத்தோடு திரும்பவில்லை. அவளோடு திரும்புகிறது.

ஸ்விட்சை அணைத்தான். ரீங்காரம் நிற்கவில்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. லென்ஸ் கீழே இறங்கியது. கைப்பிடிச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம். பாய்.

"ஈஸ்வரி..." என்று முணுமுணுத்தான்.

லென்ஸ் பாய்க்கு நேரே சற்று நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது, வந்த வழியே, சுவரை நோக்கி. பாயைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

கேமராவின் திரை ஒளிர்ந்தது. சுவர் கலங்கியிருந்தது. வானம் கலங்கியிருந்தது. சுவரின்மேல் நடந்துபோகிறவள் தெளிவாக இருந்தாள். அவள் இடுப்பில் பாப்பாவும்.