அடுத்தது எங்க, டீச்சர்?

"சார்... அதைக் கிழிக்காதீங்க!"

அறிவியல் டீச்சர் கத்தி முடிப்பதற்குள் அது கிழிந்துவிட்டது. மாடிப்படித் திருப்பத்தில் நின்றவன் திரும்பினான். ஒரு கையில் பாதிக் காகிதம். மறு கையில் அதே போல ஒரு கற்றை... கட்டடம் முழுக்க உரித்துக்கொண்டு வந்திருக்கிறான்!

"பரீட்சைக்கு முன்னாடி சுவர்ல எதுவும் இருக்கக் கூடாதுன்னு ஹெச்.எம். சொன்னாங்க..."

"மாதப் பரீட்சை திங்கக்கிழமை சார். இன்னிக்கு என் ரிவிஷன்!"

அவன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். "க்யூஆர் கோடு... ஏதோ விளம்பரம்னு நினைச்சுட்டேன்."

"விளம்பரமா? ஒரு வாரம் உட்கார்ந்து செஞ்சது சார்!"

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத கண்கள். ஆனால் மன்னிப்பைத் தவிர வேறெதுவும் அவற்றில் இல்லை... திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ தொலைந்தன.

கணக்கு டீச்சரின் பிரசவ விடுப்புக்காக முந்தின நாள்தான் வேலையில் சேர்ந்தவன் அவன். கிழிந்ததற்குப் பதில் வேறொன்றை அவள் அச்செடுத்து வருவதற்குள், மற்றதையெல்லாம் தானே திரும்ப ஒட்டி வைத்தான்.

விளையாட்டு எளிமையானதுதான். ஒவ்வொரு க்யூஆர் கோடையும் பள்ளிக்கூட ஃபோனில் ஸ்கேன் செய்தால் ஒரு பாடக் கேள்வி வரும். சரியான பதிலைத் தொட்டால், அடுத்த கோடு எங்கே இருக்கிறது என்று திரை சொல்லும். "அடுத்தது எங்க, டீச்சர்?" என்று பிள்ளைகள் கூவிக்கொண்டே ஓடுவார்கள்.

அன்றைக்கு நூலக வாசலில் இருந்த கோடு அவர்களைக் குழாயடிக்கு அனுப்பியது. குழாயடிக் கோடு மறுபடி நூலகத்துக்கே அனுப்பியது. வகுப்பே இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தது. அவன் காகிதங்களை இடம் மாற்றி ஒட்டியிருந்தான்!

"கணக்கு வாத்தியார்தானே நீங்க? வரிசை தெரியாதா?" என்றாள்.

"எண் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் அவனுக்கு 'ஒட்டு சார்' என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு பாடம் முடியும்போதும், கேட்காமலேயே டேப் சுருளோடு வந்து நிற்பான். அவள் காகிதத்தைச் சுவரில் பிடித்துக்கொள்வாள். அவன் நான்கு மூலையையும் ஒட்டுவான். அவ்வளவுதான். பேச்சே இருக்காது. ஜன்னலில் மழை வழிந்தால் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்... யார் முதலில் நகர்வது என்று தெரியாமல். வீட்டில் அப்பாவுக்குச் சோறு பரிமாறும்போதும் அந்த மௌனம் அவளுக்குள் நீண்டுகொண்டே போகும். ஒரு மனிதனின் பேச்சுக்கு ஏங்கலாம். பேசாமல் இருப்பதற்குக்கூடவா ஏங்குவார்கள்?

ஆசிரியர் அறையில் ஒருநாள் தமிழ் டீச்சர் கண்ணைச் சிமிட்டினார். "என்னம்மா, ஒட்டு சார் காகிதத்தை மட்டும்தான் ஒட்டிக்கிட்டிருக்காரா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சூடானது.

"சும்மா இருங்கக்கா! லீவுக்குப் பதிலா வந்த ஆளு. கணக்கு டீச்சர் திரும்பி வந்தா மூட்டையைக் கட்டப் போறாரு. அவரைப் போய் யாராவது கணக்குல எடுப்பாங்களா?"

சிரிப்பலை எழுந்தது. சட்டென்று நின்றது. வாசலில் அவன்.

உள்ளே வந்தான். டேப் சுருளை அவள் மேசைமேல் வைத்தான். போய்விட்டான்.

அடுத்த ரிவிஷனுக்கு அவளே ஒட்டினாள். எல்லாம் கோணல். வராந்தாவில் எதிரே வந்தால் "வணக்கம் டீச்சர்" என்பான். அதே மௌனம்தான்... ஆனால் இப்போது அதற்குள் அவளுக்கு இடமில்லை. 'ஒரு வார்த்தை... மன்னிச்சுடுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை...' ஒவ்வொரு முறையும் உதடு வரை வரும். அவளுடைய வீம்பு அதை விழுங்கிவிடும்.

அவனுடைய கடைசி நாளும் வந்தது. ஆண்டின் கடைசி ரிவிஷனும் அன்றுதான். காலையில் மேசைமேல் வைத்திருந்த காகிதக் கட்டைக் காணோம். எல்லாம் ஏற்கெனவே சுவரில் இருந்தன. மூலை பிசகாமல், நேராக. அவள் ஒரு காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்.

மாலை, மாடிப்படித் திருப்பத்தில் ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் சுற்றி முடித்து, வகுப்பில் இருந்த அவளிடம் ஓடிவந்தார்கள்.

"டீச்சர், கடைசிக் கோடுல 'முடிந்தது'ன்னு வரவே இல்ல! 'தொடங்கிய இடத்துக்கே போகவும்'னு வருது!"

"ஒட்டு சார் மறுபடியும் சொதப்பிட்டாரு!"

அப்படி ஒரு கோடை அவள் செய்யவே இல்லையே... மணி அடித்தது. பிள்ளைகள் குடைகளோடு கலைந்தார்கள். அவள் மெல்ல மாடிப்படிக்கு நடந்தாள்.

அவன் அங்கே நின்றிருந்தான். காலடியில் பயணப்பை. ஜன்னலில் மழை.

"மறுபடியும் தப்பா ஒட்டிட்டீங்க..."

"இந்தத் தடவை தப்பு இல்ல டீச்சர். நானே செஞ்சு ஒட்டினது." தலை குனிந்தான். "போறவன் கூப்பிட்டா வருவீங்களோ என்னவோ... பிள்ளைங்க சொன்னா வருவீங்க."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"சரியாத்தானே சொன்னீங்க? போறவன்தானே..."

"இல்ல!" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "போயிடுவீங்களேன்னு பயந்து சொன்னேன். முதல்லயே கணக்குல எடுக்கலன்னா அப்புறம் வலிக்காதுன்னு நினைச்சேன்... வலிக்குது சார்."

அவன் நிமிர்ந்தான். அதே கண்கள். ஆனால் இப்போது அவற்றில் மன்னிப்பைத் தவிர எல்லாமே இருந்தது.

"நான் இந்த ஊருக்கு வந்தது வேலைக்குத்தான். போகணும்னு நினைக்கும்போது வேலை ஞாபகமே வரல... நீங்க காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் வருது. உங்களை விட்டுட்டுப் போக முடியல." ஜன்னலைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் போலவே கேட்டான். "அடுத்தது எங்க, டீச்சர்?"

கண்ணீரோடு சிரித்தாள். "எங்க வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை. அப்பாதான் கதவைத் திறப்பாரு... கேள்வி கொஞ்சம் கஷ்டமாவே இருக்கும்."

"பதில் தெரியலன்னா?"

"பக்கத்துல நான் நிப்பேன்."

"டீச்சரே பிட்டு கொடுக்கலாமா?"

"உங்களுக்கு மட்டும்... கொடுப்பேன்."