பவுடர் பூசிய ஜன்னல்

மத்தியானம் 2.05.

வரவேற்பு மேஜைப் பெண் பின்னறைக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் அலறினாள். காது மெஷின் விற்கிற அந்தக் கடையில் அதுவரை யாரும் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

சந்துப் பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, கொக்கி திறந்து கிடந்தது. கருப்புப் பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டத்தில் வெள்ளை வெளேரென்று பவுடர். மேஜைமேல் இருந்த இருபது காது மெஷின்களும் அட்டைப் பெட்டியோடு போயே போய்விட்டன. வெள்ளிக்கிழமை காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டியவை அவை.

மேனேஜர் ஓடி வந்தார். ஐம்பத்தெட்டு வயசு. எட்டிப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்தார்.

"பவுடர் கும்பல்! ரேகையை மறைக்கப் பவுடர் பூசிட்டுப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டானே, அதேதான்! பாலம் தாண்டி இங்கயும் வந்துட்டாங்க!"

போலீசுக்கு ஒரு போன், உள்ளூர் சேனலுக்கு ஒரு போன். இரண்டையும் அவரே செய்தார்.

2.45.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் 'புள்ளி மேடம்'. வாயைத் திறந்தால் புள்ளிவிவரம்தான். எந்தத் தெருவில் எத்தனை திருட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு சக போலீஸ்காரர்களுக்குத் தூக்கம் வந்ததும் உண்டு.

கடைக் கதவைத் தள்ளினார். கதவு மணி சிட்டுக்குருவி மாதிரி கீச்சென்றது. முதலாளியம்மா திரும்பினார், வரவேற்புப் பெண் திரும்பினாள். கதவுக்குப் பக்கத்திலேயே நின்ற மேனேஜர் மட்டும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிவி அலறிக்கொண்டிருந்தது. 'பாலம் தாண்டியது பவுடர் கும்பல்! பாதுகாப்பான நகரம் பறிபோகிறதா?'

"இதைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

"இதுவே மெதுவாத்தான் மேடம் ஓடுது," என்றார் மேனேஜர்.

ஓரத்து நாற்காலியில் டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். உட்கார வைக்கப்பட்டிருந்தார் என்று சொல்வதுதான் சரி. முன்னாலேயே வந்த கான்ஸ்டபிள் அவர் பக்கத்தில் காவல் நின்றார்.

"எதுக்கு இவரை?"

"கடைச் சாவி இல்லாதது இவர் ஒருத்தர்கிட்டதான் மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "அதான் ஜன்னலை உடைச்சிருக்கணும். அதுவும் இல்லாம, அந்தப் பக்கத்து ஊர்க்காரர்."

அந்தப் பக்கம் என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒரு ஆறு, ஒரு பாலம், இரண்டு நகரம். இந்த நகரத்துக்காரர்கள் பாலம் தாண்டும்போது கார் ஜன்னலை ஏற்றிக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலையும் லேசில் கிடைக்காது. இந்த வேலை கிடைக்க டெக்னீஷியன் பதினேழு கடை ஏறி இறங்கியிருந்தார். இதுவும் போனால் இன்னொரு கடை அவருக்குக் கதவைத் திறக்காது. அது அவருக்கும் தெரியும், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

முதலாளியம்மா இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்துப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்கம்மா கடைசி ரெண்டு வருஷம் என் குரலைக் கேட்டது இவர் கைவண்ணத்துலதான் மேடம். அந்த நன்றி எனக்குச் சாகிறவரை இருக்கும். புதுக் கிளைக்கு இவரையே பொறுப்பா போடலாம்னு போன வாரம்தான் மேனேஜர்கிட்ட சொன்னேன். ஆனா ஆறு வருஷமா சாவி மட்டும் கொடுக்கல. மனசு வரல. தினம் பேப்பர்ல அந்த ஊரைப் பத்தி என்னென்னவோ வருதே."

"போன வருஷம் பூட்டின கடையில திருட்டு, அங்க நாற்பத்தொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க முப்பத்தெட்டு. ஜனத்தொகை அங்கதான் அதிகம். தலைக்கு இவ்வளவுன்னு பார்த்தா நம்ம ஊர்தான் ஒரு படி மேல."

"அப்படியா? பேப்பர்ல நம்ம ஊர்த் திருட்டு வரவே இல்லையே!"

"எப்படி வரும்? அந்த ஸ்டேஷன் வாசல்ல நாலு நிருபர் காலையில இருந்து உட்கார்ந்திருப்பாங்க. நம்ம வாசல்ல ஒரு ஈ காக்கா கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் சூடு இருந்தது. காரணம் உண்டு. ஒன்பது வருஷம் அவர் அந்த ஊரில்தான் வேலை பார்த்தார். ஒரு மழை நாளில் சீருடை இல்லாமல் ஸ்கூட்டரில் போனவர் வழுக்கி விழுந்து, மண்டை உடைந்து, நடுரோட்டில் நினைவு தப்பிக் கிடந்தார். யார் தூக்கினார்கள் என்று இன்று வரை தெரியாது. கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். தலைமாட்டில் கைப்பை, அதற்குள் நகை, செல்போன், ஸ்கூட்டர் சாவி. ஒரு குண்டூசி குறையவில்லை. யாரைத் தேடிப் போய்க் கும்பிடுவது என்று தெரியாததால் அந்த ஊரையே மொத்தமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

3.00.

இன்ஸ்பெக்டர் டெக்னீஷியனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?"

"ஆத்தோரப் பூங்காவுல மேடம். தினமும் அங்கதான்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"ஒரு மணிக்கு. எல்லாரும் ஒண்ணாத்தான் கிளம்பினோம்."

"மெஷின்லாம் எப்படி இருந்துச்சு?"

"ஒன்பது சோதிச்சு, அணைச்சு, பெட்டியில வெச்சுட்டேன். மிச்சம் பதினொண்ணு பேட்டரி போட்டு ஓடிட்டிருந்துச்சு. தட்டுல தள்ளித் தள்ளி வெச்சுட்டுப் போனேன்."

"எதுக்குத் தள்ளித் தள்ளி?"

"ஓடுற மெஷினை நெருக்கி வெச்சா விசில் அடிக்கும் மேடம். மூடின பெட்டியில போட்டா இன்னும் மோசம். காதைக் குடையும்."

"இந்தப் பவுடர் கும்பல் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு வறட்டுச் சிரிப்பு வந்தது. "அதை ஏன் கேக்குறீங்க? என் மனைவியோட தையல் கடையிலயும் போன மாசம் திருட்டு. ரெண்டு மெஷின் போச்சு. போலீஸ் வந்து போன பிறகு ஜன்னலைத் துடைச்சுத் துடைச்சு என் கை ஓஞ்சு போச்சு."

புள்ளி மேடம் அதைக் குறித்துக்கொண்டார்.

மற்றவர்கள் விசாரணை சுருக்கமாக முடிந்தது. முதலாளியம்மா வீட்டுக்குப் போய் 2.10க்குத் திரும்பினார். வரவேற்புப் பெண் அக்கா வீட்டில் சாப்பிட்டு 2 மணிக்கு வந்தாள். மேனேஜர் பக்கத்து ஹோட்டலில் சாப்பிட்டு 1.30க்கே வந்துவிட்டார்.

"வந்து என்ன பண்ணீங்க?"

"டிவி பார்த்தேன்."

"கண்ணாடி உடையற சத்தம்?"

"டிவி ஓடிட்டிருந்துச்சே. எப்படிக் கேக்கும்?"

3.20.

கைரேகைக்காரர் பெட்டியோடு வந்தார். பிரஷைக் கையில் எடுத்தவர் ஜன்னலைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"என்ன மேடம் இது? யாரோ எனக்கு முன்னாடியே வெள்ளையடிச்சு வெச்சிருக்காங்க! நான் எங்க தூவறது?" ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "மல்லிகைப்பூ வாசனை. முகத்துக்குப் போடறது."

இன்ஸ்பெக்டர் முகத்தில் சிரிப்பு பரவியது.

3.35. எல்லாரையும் முன்கூடத்துக்கு வரச் சொன்னார்.

"அந்தப் பக்கம் ஆறு கடையில திருட்டு நடந்துச்சு. விசாரிக்க ரெண்டு ஊருக்கும் சேர்த்துப் போட்ட குழுவுல நானும் இருந்தேன். ஆறு இடத்துலயும் திருடன் ஒரு சிட்டிகை பவுடர்கூடப் போடல."

"பேப்பர்ல போட்டோவே வந்துச்சே!" என்றாள் வரவேற்புப் பெண்.

"வந்துச்சு. அந்தப் பவுடரைப் போட்டது நாங்க. கைரேகை எடுக்க இவர்தான் தூவினார். எங்க வேலை முடிஞ்ச பிறகு நிருபர் வந்து போட்டோ எடுத்தார். வெள்ளையா இருந்ததைப் பார்த்துட்டு, ரேகையை மறைக்கத் திருடர்கள் பவுடர் பூசறாங்கன்னு எழுதிட்டார். தப்புன்னு நானே ரெண்டு கடிதம் எழுதினேன். அவங்க போடல."

கைரேகைக்காரர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"அந்த ஊர்ல கடை வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் பவுடர் யார் போட்டதுன்னு சொல்லுவாங்க. துடைச்ச கை அவங்களோடது. நம்ம டெக்னீஷியனும் துடைச்சிருக்கார். அப்போ, இங்க பவுடர் பூசினது யாரு? அந்த ஊரைப் பேப்பர்ல மட்டும் பார்த்த ஆள். திருட்டுப் பழி அந்தப் பக்கம் போகணும்னு நினைச்ச ஆள்."

கூடத்தில் டிவிக்காரன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் போய் அதை அணைத்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

இருந்தார்கள். மெல்லிசாக, ஊசி மாதிரி, எங்கிருந்தோ ஒரு கீச்சல் வந்தது. வரவேற்புப் பெண் முகத்தைச் சுளித்தாள். முதலாளியம்மா காதைப் பொத்தினார். டெக்னீஷியன் துள்ளி எழுந்தார். "அது நம்ம மெஷின்தான் மேடம்!"

"என்ன? என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர், ஆள் மாற்றி ஆள் முகத்தைப் பார்த்தபடி.

"உங்களுக்குக் கேக்கலையா சார்?"

"என்னது கேக்கணும்?"

சொன்ன பிறகுதான் மற்றவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

டிவிக்குக் கீழே அலமாரி. அதில் தேதி வாரியாக அடுக்கிய பழைய பேப்பர். மேனேஜரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. இன்ஸ்பெக்டர் அலமாரிக் கதவைத் திறந்ததும் கீச்சல் காதைக் கிழித்தது. கதவைத் திறந்ததும் கீச்சல் காதைக் கிழித்தது. டெக்னீஷியன் பெட்டியை வாங்கி, ஒவ்வொரு மெஷினாக பேட்டரி மூடியைத் திறந்தார். பதினொன்றும் அடங்கின.

"அலமாரி மேனேஜரோடதுங்கறதால மட்டும் சொல்லல," என்றார் இன்ஸ்பெக்டர். "யாரு வேணா அதுல வெச்சிருக்கலாம். ஆனா இந்தச் சத்தம் கேட்கிற ஆள் இப்படிக் கத்தவிட்டு ஒளிச்சு வெப்பாரா? டெக்னீஷியனா இருந்தா ரெண்டு நிமிஷத்துல அணைச்சிருப்பார். கதவு மணி கேக்காத ஒருத்தருக்குத்தான் பெட்டி ஊமையா இருந்துச்சு."

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் உழைச்சேன்," என்றார், யாரையும் பார்க்காமல். "கிளைப் பொறுப்பை அந்த ஊர்க்காரனுக்குக் கொடுக்கிறாங்கன்னதும் தாங்க முடியல. வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டி தானா கிடைக்கிற மாதிரி செஞ்சிருப்பேன். இவன் போனா போதும்னு நினைச்சேன்."

"உங்க காதுக்கு என்ன ஆச்சு சார்?" என்றாள் வரவேற்புப் பெண், பாவமாக.

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல! நீங்கல்லாம் முணுமுணுன்னு பேசறீங்க!"

காது மெஷின் கடையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் ஒரு நாளாவது அந்தச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கான்ஸ்டபிள் அவரை மெதுவாகக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார்.

4.00.

முதலாளியம்மா டெக்னீஷியன் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் சேர்த்தார். "என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களுக்காக வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. எங்கம்மா இருந்திருந்தா என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்க."

"ஐயோ, விடுங்கம்மா. பதினேழு கடை கதவைச் சாத்தினப்ப, ஊர்ப் பேரைக் கேட்டும் உட்காரச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதை நான் மறக்க முடியுமா?" இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கு எதுக்குங்க? உங்க ஊர்க்காரங்க செஞ்சதுக்கு நான் எந்த ஜென்மத்துல நன்றி சொல்லி முடிக்கப்போறேனோ!"

அவருக்கு அது புரியவில்லை. கேட்பதற்குள் செல்போன் அடித்தது. அந்தப் பக்கத்தில் மனைவியின் அழுகை கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க! டிவியில உங்க கடையக் காட்டறான்! நம்ம ஊர் ஆளைப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்றான். போலீஸ் உங்களை எங்க வெச்சிருக்கு?"

டெக்னீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னறைக்குப் போய்த் தன் மேஜை விளக்கைப் போட்டார்.

"கடையிலதாம்மா இருக்கேன். வேலை நிறைய கிடக்கு. வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு."