இன்னும் ஒரு தடவை

பூட்டியிருந்த வீட்டுக்குள் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பது கேட்டது.

மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், திறந்த கதவில் சாவியை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சத்தம், வீட்டிலேயே அவள் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி அறையிலிருந்து வந்தது. ஒரு காலடி, பிறகு தரையில் ஓர் உரசல். கணவனுக்கு போன் போட்டாள்.

“பாப்பா என்ன பண்றா?”

“இப்பதான் கண்ணசந்தா. டியூப்ல இன்னும் சீழ் வந்துட்டேதான் இருக்கு. சீக்கிரம் வா.”

ஊரார் கால்களையெல்லாம் நடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட் அவள். அந்தக் கர்வம்தான் கண்ணை மறைத்துவிட்டது. இடுப்பு வலிக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை என்று பாப்பா அழுதபோது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாடகமாடுகிறாள் என்று நினைத்தாள். காய்ச்சலுக்கு சிரப்பை ஊற்றிவிட்டு, பயிற்சி அறைக் கம்பியைப் பிடித்து நடக்க வைத்தாள். கட்டிலில் படுக்க வைத்துக் காலை மடக்கி மடக்கி நீட்டினாள். “போதுமாம்மா?” என்று குழந்தை கெஞ்சக் கெஞ்ச, “இன்னும் ஒரு தடவை” என்றாள். உள்ளே இடுப்பு மூட்டில் கிருமி புகுந்து சீழ் கட்டியிருந்தது.

ஆபரேஷனில் மூட்டைத் திறந்து கழுவிவிட்ட டாக்டர், “ரொம்ப லேட்டா கொண்டு வந்திருக்கீங்க. எலும்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு இனிமேதான் தெரியும். காலை யாராவது மடக்கி நீட்டினீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

நாக்கூசாமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்போதிருந்து வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

அறைக்குள் நடை நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. எண்ணெய் வாடை. அதற்கடியில் சீழின் நாற்றம்.

“சொல்லிடறேன்,” என்றாள் இருட்டைப் பார்த்து. “இப்பவே போய் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“போதுமாம்மா?”

பாப்பாவின் குரல். போதும்டா கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உள்ளேயிருந்து பதில் வந்தது.

“இன்னும் ஒரு தடவை.”

அது அவளுடைய குரல்.

அறை வாசலுக்குப் போய்த் திரையை விலக்கினாள். கட்டிலில் பாப்பா. காலைப் பிடித்துக் குனிந்திருந்தவளின் முதுகு மட்டும் தெரிந்தது. அவளுடைய வெள்ளைக் கோட்டு. அவளுடைய கொண்டை.

கையில் துண்டிக்காத போனில் கணவன் குரல் இன்னும் கேட்டது. “கேக்குதா? பாப்பா முழிச்சுட்டா. யாரோ காலை மடக்குறாங்கன்னு கத்துறா. இங்க யாருமே இல்லையே...”

கட்டிலில் அந்தச் சின்ன முழங்கால் நெஞ்சை நோக்கி மெல்ல எழுந்தது.