மழையில் வழுக்கிய புது வேன்

"என் வீட்டுக்காரர் குடிக்கலைங்கய்யா. வேகமாவும் ஓட்டலை," என்றாள் அந்தப் பெண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிவரும் ஆஸ்பத்திரி வேனுக்கு அவள் கணவன்தான் டிரைவர். தவணைக்கு வாங்கிய புது வேன். மழையில் வழுக்கி, பக்கவாட்டில் போய் மதிலில் மோதியது. பின்னால் இருந்த கிழவருக்குக் கை ஒடிந்தது. டிரைவருக்குக் கால் நொறுங்கியது. அவன் கட்டிலில் கிடக்கும்போதே ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலையை விட்டு நீக்கி, கண்மூடித்தனமாக ஓட்டினான் என்று போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் போனால் அவன் பிழைப்பும் போச்சு. பெரிய இடங்கள் இப்படித்தான். வண்டி உடைந்தால் முதலில் டிரைவரைத்தான் உடைப்பார்கள்.

எதிரே இருந்தவர், இன்சூரன்சுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவர். சர்வேயர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற அவருடைய மருமகன் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான்.

"முன்னாடி ஓட்டின பழைய வேன் எப்படிம்மா?" என்று கேட்டார் சர்வேயர்.

"அது சனியன். இடப்பக்கமே இழுக்கும். பிடிச்சு ஓட்டி ஓட்டித் தோள்பட்டை வீங்கிடும். புதுசு நேரா போகுதுன்னு சந்தோஷப்பட்டாரு. ஆனா மழைன்னா வழுக்குதுன்னு வண்டி ஆபீசர்கிட்ட சொன்னாராம். 'புது வண்டி ஓட்டத் தெரியலைன்னா மாட்டு வண்டி ஓட்டு'ன்னு சிரிச்சானாம், பாவி."

ஆஸ்பத்திரி ஷெட்டில் அந்த வண்டி ஆபீசர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். வண்டி வாங்குவது, பழசைக் கழிப்பது, கடன் எடுப்பது எல்லாம் அவர் கையில். அத்தனையும் ஒரே ஆள் கையில் இருந்தால் அங்கே என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வண்டியில குறையே கிடையாது. நானே ஓட்டிப் பார்த்தேன். கையை விட்டாலும் நேரா போகும்," என்றார் ஆபீசர்.

"பழசு?"

"ஏலத்துல போயிடுச்சு. அது கேட்டைத் தாண்டின பிறகுதான் புது வண்டிச் சாவியை டிரைவர்கிட்ட கொடுத்தேன். அதுவரைக்கும் ரெண்டு சாவியும் என் மேஜையில. எங்கிட்ட எல்லாம் ஒழுங்கு."

சர்வேயர் வேனுக்கு அடியில் படுத்தார். முன் டயர்களின் உள்பக்கத்தைத் தடவினார். மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியையும் தடவினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, மருமகன் காதில் ஏதோ சொன்னார். அவன் பறந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரின் அறையில் ஆபீசர், ஷெட் மெக்கானிக், அந்தப் பெண் மூவரும் இருந்தார்கள்.

"எந்த வருஷத்து டயருன்னு அதோட பக்கத்துலயே அச்சு இருக்கும் டாக்டர்," என்று ஆரம்பித்தார் சர்வேயர். "ஸ்டெப்னி இந்த வருஷத்தது. ஓடுற நாலும் வேனை விட வயசுல மூத்தது."

ஆபீசர் உடனே பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா. புது டயரை வித்துத் தின்னுட்டு பழசை மாட்டியிருக்கான் அவன்."

"யாரைச் சொல்றே?" என்று அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். "கால் போய்க் கிடக்கிறவனைத் திருடன்னும் சொல்றியா?"

"இரும்மா," என்றார் சர்வேயர். "முன் டயர் ரெண்டும் வெளிப்பக்கம் நல்லா இருக்கு. உள்பக்கம் மொட்டை. குனிஞ்சு பார்க்காதவங்களுக்குத் தெரியாது. சக்கரம் கோணலா நிக்கிற வண்டியிலதான் இப்படித் தேயும். இந்த வேன் கையை விட்டாலும் நேரா போகும்னு சாரே சொன்னாரு. அப்போ அது வேற வண்டியில தேஞ்சது. இடப்பக்கம் இழுத்த வண்டி எது?"

"பழைய வேன்," என்றார் டாக்டர் மெதுவாக.

"டிரைவர் கைக்குப் புதுசு வந்தப்போ பழசு போயாச்சு. ரெண்டும் பக்கத்துல நின்னப்போ சாவி யார் மேஜையில இருந்துச்சு?"

ஆபீசரின் பார்வை மெக்கானிக் பக்கம் போனது.

மருமகனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஏலத்துல போன வேனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அது சாரோட மச்சினன் கடையில கட்டில் பீரோ ஏத்திக்கிட்டிருக்கு மாமா. ஸ்டெப்னியில இருக்கிற அதே வருஷத்து டயர், நாலும். முன்னாடி ரெண்டும் உள்பக்கம் இப்பவே தேய ஆரம்பிச்சிடுச்சு. நான் கூட மெக்கானிக்தான் கள்ளன்னு நினைச்சேன்."

மெக்கானிக் தரையைப் பார்த்தான். "சார் மாத்தச் சொன்னாரு, மாத்தினேன். கறுப்பு பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்குன்னாரு."

"உனக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்குல்ல?" என்றாள் அவள். அவன் நிமிரவில்லை. இந்த மாதிரி ஆட்கள் நிமிரவே மாட்டார்கள். அதனால்தான் ஆபீசர்கள் தைரியமாக இருக்கிறார்கள்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. உன் வீட்டுக்காரர் வேலைக்கு வரட்டும். வைத்தியம் எங்க செலவு. இந்த ஆளை நான் பார்த்துக்கறேன். விஷயம் இந்த ரூமோட முடியட்டும், ஆஸ்பத்திரி பேரு இருக்கு."

"என் வீட்டுக்காரர் பேரை ரூமுக்குள்ளயா வச்சுக் கெடுத்தீங்க?" என்றாள். "ஸ்டேஷன் வரைக்கும் போய்த்தானே எழுதிக் கொடுத்தீங்க. அங்கேயே வந்து, பொய் புகார்னு உங்க வாயால சொல்லுங்க. இந்த ஆபீசரையும் கூட்டிட்டு வாங்க."

டாக்டர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் வெளியே போய் ஒரு ஆட்டோவை நிறுத்தி, டாக்டர் வரும்வரை அதன் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏறுங்க," என்றாள்.